மூன்று கொட்டேஷன்

1

சென்ற வாரம் எங்கள் வீட்டுக் குளியலறையைப் பார்க்க ஒரு ஆள் வந்தார். ஆக்லாந்தில் நாங்கள் இருக்கும் வீடு மர வீடு. குளியலறைத் தரையின் ஓரத்தில் மரம் ஊறிப்போய், கால் வைத்தால் லேசாக அமுங்குகிறது. வந்தவர் வாசலில் பூட்ஸைக் கழற்றினார், டேப் பிடித்து அளந்தார், சுவரில் ஒரு கருவியை வைத்து ஈரம் பார்த்தார், இருபது நிமிடத்தில் கிளம்பிவிட்டார். டீ வேண்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். நாங்கள் இங்கே வந்த புதிதில் ஒரு குழாய்க்காரருக்கு என் மனைவி கேசரி கிண்டித் தட்டில் வைத்துக் கொடுக்க, அவர் பயந்துபோய் இதற்குத் தனியாகக் காசு தர வேண்டுமா என்று கேட்டார். அன்றிலிருந்து நாங்கள் யாரையும் வற்புறுத்துவதில்லை.

இவர் மூன்றாவது ஆள். முதல் இரண்டு பேர் அனுப்பிய கொட்டேஷன்கள் மேசை மேல் கிடந்தன. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள் நித்யா அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, குறைவாகப் போட்டவரின் தாளை இவரிடம் காட்டியிருந்தால் இவரும் குறைத்திருப்பாரே, ஏன் சும்மா அனுப்பினாய் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஏழெட்டு வருடமாக எங்கள் வீட்டில் பேச்சு இப்படித்தான் ஓடுகிறது.

"காட்டக் கூடாதும்மா" என்றேன்.

சட்டப்படி தப்பா என்றாள். இல்லை என்றேன். அவருக்குக் கோபம் வருமா என்றாள். வராது, இங்கே அது சாதாரணம் என்றேன். அப்புறம் என்ன என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் மாடிக்குப் போய்விட்டாள்.

அப்புறம் என்ன என்பதை அவளுக்கு விளக்க எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்குச் சொல்லலாம். என் தங்கை ராணியின் கணவர் செல்வராசுவைத் திண்டுக்கல்லில் இருக்கும் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அவர் சொல் சுத்தமில்லாதவர் என்று ஆறு வருடம் ஊரில் ஒரு பேச்சு இருந்தது. வேலை போன மனிதனுக்கு நம் ஊரில் மிச்சமிருப்பது அவன் வாய்ச்சொல் ஒன்றுதான். அதையும் அவரிடமிருந்து பிடுங்கியது யார் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

2

நான் இந்த நாட்டுக்கு வந்தது தொண்ணூற்று நாலில். பால்பவுடர் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை. கூட வேலை பார்த்த பீட்டருக்கு ஒரு பக்கத் தொழில் இருந்தது. பாழடைந்த மர வீடாகப் பார்த்து வாங்குவார், ஆறு மாதத்தில் அதைச் சீர்செய்து விற்றுவிடுவார். அந்த வித்தையை மதிய உணவு நேரத்தில் எனக்குக் கற்றுக்கொடுத்தார். எந்த வேலைக்கும் மூன்று பேரிடம் விலை கேள். எழுத்தில் கேள். பிடித்த ஆளிடம், விலை குறைவாகச் சொன்ன ஆளின் தாளைக் காட்டு. பிடித்த ஆள் அதே விலைக்கு இறங்குவான், இல்லாவிட்டால் சிரித்துக்கொண்டே போய்விடுவான். யாரும் யாரையும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

நானும் ஒரு வீடு வாங்கினேன். பீட்டர் சொன்னபடியே செய்தேன். இரண்டாவது ஆளின் தாளைப் பெயின்ட்காரரிடம் கூச்சத்தோடு நீட்டினேன். அவர் பார்த்துவிட்டு, சரி, அதே விலைக்கு நானும் செய்கிறேன் என்று சாதாரணமாகச் சொன்னார். அந்த வீட்டை நல்ல லாபத்துக்கு விற்றோம். அதற்குப் பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. கட்டட வேலை பற்றிக் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அறிவுரை சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் செல்வராசு வேலை பார்த்த நூற்பாலையை மூடினார்கள். பத்தொன்பது வருட வேலை. ராணி போனில் அழுதாள். செட்டில்மென்ட் பணம் கைக்கு வந்ததும் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்களாம்: பால் மாடு, டீக்கடை, வட்டிக்கு விடுவது. நான் சொன்ன யோசனை, பழைய வீடு. வாங்குகிற பணம் என்னுடையது. சீர்செய்கிற செலவு அவருடைய செட்டில்மென்ட். நின்று வேலை வாங்குவதும் அவர்தான். விற்று வருவதில் ஆளுக்குப் பாதி. இது சரியாக வந்தால் அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று அதுவே அவருக்குத் தொழிலாகிவிடும். செல்வராசு யோசித்து ஒரு வாரம் கழித்துச் சரி என்றார். அந்தப் பணத்தைத் தவிர அவருக்கு வேறு எதுவும் இல்லை. பெண் குழந்தை கவிதா அப்போது ஒன்பதாம் வகுப்பு.

நாகல் நகர்ப் பக்கம் ஒரு சந்தில் வீடு அமைந்தது. முன்னால் ஓட்டுத் தாழ்வாரம், உள்ளே தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய தளம், பின்னால் கிணறு. என் பெயரில் வாங்குவதற்குச் செல்வராசுவுக்கு நான் பவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்காக எட்டு மணி நேரம் கார் ஓட்டி வெலிங்டனில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போனேன். பாஸ்போர்ட்டில் என் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது, பவர் பத்திரத்தில் இனிஷியல் மட்டும் இருக்கிறது, இரண்டும் ஒரே ஆள் என்பதற்கு என்ன ருசு என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை போனபோது அப்பா பெயரைச் சரியாக எழுதிக்கொண்டு போனேன், புகைப்படம் அளவில் பெரிதாக இருந்தது. மூன்றாம் முறை முத்திரை விழுந்தது. நான் நான்தான் என்று நிரூபிக்க இவ்வளவு அலைய வேண்டியிருக்கிறதே என்று நொந்துகொண்டு திரும்பினேன்.

3

பத்திரம் பதிந்த மறுவாரம், மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்குங்கள் மாப்ள, எழுத்தில் வாங்குங்கள் என்று போனில் சொன்னேன்.

"எழுதியா மச்சான்? இங்கன அப்படிக் கேக்க மாட்டாங்களே" என்றார் செல்வராசு.

கேளுங்கள், பழகிவிடும் என்றேன்.

முதலில் வந்தவர் ஒரு இன்ஜினியர். அவருக்கு ஒரு சிரமமும் இல்லை. கம்ப்யூட்டரில் அடித்து, லெட்டர்பேடில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். விலை எங்கேயோ இருந்தது.

இரண்டாவது, வடமதுரை காளியப்பன் மேஸ்திரி. பழைய வீடுகளில் கை வைக்க அவரை விட்டால் ஆள் இல்லை என்று பெயர். அவர் டேப் எடுத்து வரவில்லை. வீட்டுக்குள் மெதுவாக நடந்து, விரல் முட்டியால் சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டாராம். உத்தரத்தை அண்ணாந்து பார்த்தாராம். பிறகு கிணற்று மேடையில் உட்கார்ந்து அவர் கேட்ட முதல் கேள்வி, "வீடு இருக்கவா, விக்கவா?"

விற்கத்தான் என்று செல்வராசு சொன்னார். மேஸ்திரி டீயைக் குடித்து முடித்து ஒரு விலை சொன்னார். எழுதித் தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "என் பேரனுக்குத்தான் எழுதத் தெரியும். நான் சொல்றேன், நீங்களே எழுதிக்கங்க" என்றாராம். செல்வராசுவே எழுதி, மேஸ்திரி அடியில் கையெழுத்து மட்டும் போட்டார்.

மூன்றாவது ஆரோக்கியம். செல்வராசுவோடு ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர். காளியப்பன் மேஸ்திரியிடம் சித்தாளாகச் சேர்ந்து, அதே சாரத்தில் கொத்தனாராகி, பதினைந்து வருடம் கழித்து அவர் ஆசியோடு தனியாக வேலை எடுக்க ஆரம்பித்தவர். எழுதித் தரச் சொன்னதும் அவருக்குச் சுருக்கென்றது.

"ஏலே, எழுதி வாங்குற அளவுக்கு நான் ஒனக்கு என்னலே பண்ணிட்டேன்?"

மச்சான் கேட்கிறார், அங்கே அதுதான் வழக்கமாம் என்று செல்வராசு சமாதானம் சொன்னார். ஆரோக்கியம் காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். காளியப்பன் சொன்னதில் மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. இது எப்படிடா கட்டுபடியாகும் என்று செல்வராசு கேட்டதற்கு, "ஒனக்கு வேல போயி நிக்கிற. இதுல நான் லாபம் பாக்கவா? ஆள் கூலியும் சாமானும் வந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று தாள்களும் ஃபேக்ஸில் எனக்கு வந்தன. ஆய்வக மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். பீட்டரும் எட்டிப் பார்த்தார். அவருக்கு எழுத்து புரியாது, எண்கள் புரியும். காலண்டர் தாளின் எண்ணைத் தொட்டு, இதை எடுத்துக்கொண்டு போய் அடுத்தவரிடம் காட்டு என்றார்.

நம் ஊரில் ஒரு மேஸ்திரி சொல்கிற விலை வேலைக்கான விலை மட்டும் இல்லை. கேட்கிறவன் யார், அவன் வீட்டில் என்ன நிலைமை, நாளைக்குத் தெருவில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமா என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. ஒருவனுக்கென்று சொன்ன விலையை இன்னொருவன் கண்ணில் காட்ட முடியாது. எனக்கு இது தெரியாதா? முப்பது வயது வரை அந்த ஊரில் இருந்தவன். தெரியும். எட்டு வருடத்தில் வசதியாக மறந்திருந்தேன்.

4

அன்றைக்கே போன் செய்தேன். காளியப்பன்தான் வேண்டும், ஆனால் ஆரோக்கியத்தின் விலைக்கு வேண்டும். தாளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்றேன்.

ஐ.எஸ்.டி. போனில் பேச்சில்லாத ஒவ்வொரு நொடிக்கும் காசு போகிறதே என்று எனக்குப் பதற்றம்.

"மச்சான், அது வேணாம்" என்றார் செல்வராசு. "எனக்குன்னு அவன் சொன்ன வெல அது. அதக் கொண்டுபோயி காளியப்பண்ணன்கிட்ட காட்டுனா அவனுக்கு நல்லாருக்காது. எனக்கும் நல்லாருக்காது."

"இது வியாபாரம் மாப்ள. இதுல போயி மொகம் பாத்தா முடியுமா? இங்க எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க."

"அங்க சரி மச்சான். இங்கன..."

"என் பணமும்தான அதுல கெடக்கு" என்றேன்.

அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன உடனே அது எனக்கே தெரிந்தது. தெரிந்தும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

"சரி மச்சான். போன வச்சிருறேன்" என்றார்.

மறுநாள் அவர் தாளைக் கொண்டுபோய்க் காட்டினார். காளியப்பன் மேஸ்திரி பேரனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "ஆரோக்கியம் எழுத்தா?" என்று ஒன்றே ஒன்று கேட்டார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நேராக ஆரோக்கியம் வேலை செய்துகொண்டிருந்த கட்டடத்துக்குப் போய், எல்லா ஆட்களும் பார்க்க, சாரத்தின் மேல் நின்றவரைக் கீழே இறங்கச் சொல்லி அந்தத் தாளை அவர் கையில் கொடுத்தார். "நான் வெல சொன்ன எடத்துல எனக்குக் கீழ சொல்லிருக்க. நல்லா இருப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் ஆரோக்கியம் செல்வராசு வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"ஒம்மச்சான் காட்டச் சொன்னாரா?" என்று கேட்டார்.

"இல்லடா" என்றார் செல்வராசு. "நாந்தான். ஆசைப்பட்டுட்டேன். மச்சானுக்கு இது தெரியாது."

ராணி அப்போது கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் காதில் விழுந்ததும் அதுதான்.

5

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு ஒரு கொத்தனாரும் வரவில்லை. யாரும் சண்டை போடவில்லை. வேலை இருக்கிறது, அடுத்த மாதம் பார்க்கலாம், மழை போகட்டும் என்று ஆளுக்கு ஒரு சாக்கு. அந்த இன்ஜினியரும் வேறு பெரிய வேலை வந்துவிட்டது என்று ஒதுங்கிவிட்டார். வேலை தொடங்கப் போகிறது என்ற நம்பிக்கையில் செல்வராசு ஏற்கெனவே கூலியாள் வைத்து முன்தாழ்வாரத்து ஓடுகளையும், உள்தளத்தின் ஒரு பகுதியையும் பிரித்துப் போட்டிருந்தார். வறண்ட ஊர் என்று நம் ஊருக்குப் பெயர். அந்த ஐப்பசியில் விடாமல் பெய்தது. திறந்து கிடந்த தளத்தின் வழியாகத் தண்ணீர் இறங்கி ஒரு பக்கத்துச் சுவர் உப்பி நின்றது. உத்தரத்துக்கு முட்டுக் கொடுக்கக்கூட ஆள் கிடைக்காமல், செல்வராசு தானே சவுக்குக் கட்டைகளை வாங்கிவந்து நிறுத்தினார்.

ராணி வாரம் ஒரு முறை எனக்குப் போன் செய்வாள். "இந்த மனுசன் பண்ணுன காரியத்தப் பாத்தியாண்ணே? நீ அங்கன ராப்பகலா ஒழச்சு அனுப்புன காசு. இவரு போயி பேராசப்பட்டு..." என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். நான் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருப்பேன். திட்டாதே ராணி என்று சொல்வேன். அதற்கு மேல் ஒன்றும் சொன்னதில்லை.

தை மாதம் மூன்று வார விடுப்பில் வந்தேன். நித்யா சிறுமி, ஊரில் வெயிலும் கொசுவும் தாங்காமல் மூன்றாம் நாளே எப்போது வீட்டுக்குப் போவோம் என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். வீடு என்று அவள் சொன்னது ஆக்லாந்தை. நான் நாகல் நகர் வீட்டைப் போய்ப் பார்த்தேன். உப்பிய சுவரைத் தொட்டபோது கையோடு ஒரு பிடி மண் வந்தது. இன்னொரு மழையை அது தாங்காது. செட்டில்மென்ட் பணம் பாதிக்கு மேல் சாமானாகவும் கூலியாகவும் உள்ளே போயிருந்தது.

காளியப்பன் மேஸ்திரியை நான் போய்ப் பார்க்கிறேன் என்றேன். செல்வராசுதான் தன் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வடமதுரைக்குக் கூட்டிப்போனார். வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டு, "நீங்க போயிட்டு வாங்க மச்சான்" என்று வண்டியை ரோட்டோரப் புளியமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

மேஸ்திரி எழுந்து வந்து வரவேற்றார். "வாங்கய்யா, வாங்க. எப்ப வந்தீங்க?" நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். உள்ளேயிருந்து வடையும் காப்பியும் வந்தன. நான் மன்னிப்புக் கேட்க வந்தேன் என்று ஆரம்பித்தேன்.

"நீங்க எதுக்குய்யா வருத்தப்படுறீங்க?" என்று மறித்தார். "ஒங்க மாப்ள பண்ணுன கூத்து. அவரே ஒத்துக்கிட்டாரே, நாந்தான் காட்டுனேன், மச்சானுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு. அம்புட்டுத் தொலவுல இருந்து வந்து, அவருக்காக எங்கிட்ட கேக்குறீங்க பாருங்க. ஒங்க மொகத்துக்காக வாரேன். வீட்ட முடிச்சுக் குடுத்துர்றேன்."

இங்கே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். சன்னல் வழியாக ரோடு தெரிந்தது. செல்வராசு மரத்தடியில் வண்டியின் மேல் ஒருக்களித்து உட்கார்ந்து, வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டிருந்தார்.

உண்மையைச் சொன்னால் மேஸ்திரி மறுத்துவிடுவார், வீடு விழுந்துவிடும், செல்வராசுவின் பணம் போய்விடும் என்று நினைத்தேன். ரொம்ப நாள் அதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான். துண்டால் தட்டிப் போட்ட அந்த நாற்காலி எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் மற்ற பாதி.

வடையைத் தின்றேன். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

"ஒத்துக்கிட்டாரா மச்சான்?"

"ஒத்துக்கிட்டாரு."

"நல்லதாப் போச்சு" என்று வண்டியைக் கிளப்பினார். உள்ளே என்ன பேசினீர்கள் என்று அவர் கேட்கவில்லை.

6

காளியப்பன் மேஸ்திரி சொன்னபடி முடித்துக் கொடுத்தார். வீடு அடுத்த வருடம் விற்றுப்போனது. செல்வராசுவுக்குப் போட்ட பணம் திரும்பி வந்தது, லாபம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அவர் ஒரு பெயின்ட் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டாவது வீடு என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஒருவர் நம்பிச் சொன்னதை அடுத்தவரிடம் கொண்டுபோய்க் காட்டுகிற ஆள் என்று கட்டட வேலைக்காரர்கள் நடுவில் பெயர் விழுந்துவிட்டது. அவர்கள் தினமும் வந்துபோகிற இடம் பெயின்ட் கடை. ஆரோக்கியம் பெயின்ட் வாங்க வருவார். செல்வராசு கல்லாவில் நின்றால், கடைப் பையன் வரும்வரை வெளியே நிற்பார். இதையெல்லாம் ராணிதான் போனில் சொல்வாள், அதுவும் கணவரைக் குறை சொல்வதற்காக. ஆறு வருடம் அவள் அதை விடவில்லை. அந்த வீட்டில் சோற்றில் உப்புக் கூடினாலும் பேச்சு கடைசியில் அந்தத் தாளில் வந்து நிற்குமாம்.

சென்ற வருடம் ஒரு நாள், வேலையிலிருந்து திரும்பிச் சாப்பிட உட்கார்ந்தபோது போன் வந்தது.

"ஏனுங்க, நல்லா இருக்கீங்களா? நான் தொப்பம்பட்டியிலிருந்து முத்துச்சாமி பேசறனுங்க."

கவிதாவைப் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளையின் அப்பா. தென்னந்தோப்புக்காரர். பெண் பிடித்துவிட்டது, நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்த்துவிட்டார்கள் என்று ராணி சந்தோஷமாகச் சொல்லியிருந்தாள்.

"பொண்ணப் பத்தி ஒரு குறையுமில்லீங்க" என்றார். "தங்கமான புள்ள. பொண்ணோட அப்பாவப் பத்தித்தானுங்க நாலு எடத்துல விசாரிச்சோம். ஒருத்தரு நம்பிக் குடுத்த சீட்ட இன்னொருத்தருகிட்டக் காட்டிப் போட்டாருன்னு சொல்றாங்க. பணங்காசு இல்லீன்னாப் பரவால்லீங்க. சொல்லு நிக்காத எடத்துல எப்படீங்க சம்பந்தம் பண்றது? நீங்க படிச்சவரு, வெளியூர்ல இருக்கறவரு. உள்ளதச் சொல்லுவீங்கன்னுதான் கூப்பிட்டனுங்க."

உள்ளதைச் சொல்வேன் என்று நம்பி ஒரு மனிதர் தொப்பம்பட்டியிலிருந்து கூப்பிடுகிறார். கவிதாவின் கல்யாணம் என் வாயில் நின்றது.

"காட்டச் சொன்னது நாந்தாங்க" என்றேன்.

நான் முழுவதையும் சொன்னேன். என் பணமும்தானே கிடக்கிறது என்று சொன்னதைக்கூட விடவில்லை.

"அப்பறம் எதுக்குங்க அவரு தாம்மேல போட்டுக்கிட்டாரு?"

"தெரியலீங்க. நான் கேட்டதில்ல."

"ஆறு வருசமா நீங்க கேக்கலீங்களா?"

"கேக்கலீங்க."

முத்துச்சாமிதான் அடுத்துப் பேசினார். "எனக்கு மனசு தெளிஞ்சு போச்சுங்க. ஆனா எங்க சனத்துக்கு இந்தப் பேச்சு எட்டியிருக்குதுங்க. நான் சொன்னா, சம்பந்தி ஆசையில மூடி மறைக்கறேம்பாங்க. நீங்க நிச்சயத்துக்கு வாங்க. தட்டு மாத்தறதுக்கு முந்தி இந்த ஒரு வார்த்தைய நீங்களே சபையில சொல்லிப் போடுங்க."

7

பழனி ரோட்டில் ஒரு சின்ன மண்டபம். நான் மட்டும் வந்திருந்தேன். நித்யாவுக்குப் பரீட்சை, அவளோடு இருக்க என் மனைவியும் நின்றுவிட்டாள். முன்தினம் முழுவதும் செல்வராசுவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவர் வாழைமரம் கட்டுவதிலும் பந்திக்கு இலை எண்ணுவதிலும் ஓடிக்கொண்டிருந்தார். சொன்னால் வேண்டாம் என்பார் என்று எனக்குத் தெரியும்.

தட்டுகளை நடுவில் வைத்துப் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். முத்துச்சாமி என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன். மாப்பிள்ளை வீட்டு வரிசையில் காளியப்பன் மேஸ்திரி இருந்தார். முத்துச்சாமி வீட்டையும் அவர்தான் கட்டியவராம்.

நான் நிறையப் பேசவில்லை. "செல்வராசு ஒரு தாளைக் காட்டினார் என்று உங்களுக்கெல்லாம் ஒரு பேச்சு எட்டியிருக்கும். அவர் வேண்டாம் என்றார். நான்தான் காட்டச் சொன்னேன், என் பணம் கிடக்கிறது என்று சொல்லிக் காட்ட வைத்தேன். அவர் அதைத் தன் மேல் போட்டுக்கொண்டார். அது தெரிந்தும் நான் இத்தனை நாள் பேசாமல் இருந்தேன்" என்றேன். காளியப்பன் மேஸ்திரி தலையைத் திருப்பிக்கொண்டார். ராணி கையில் பூத்தட்டோடு நின்றிருந்தாள். அதை மெதுவாகக் கீழே வைத்தாள்.

யாரோ தட்டை மாற்றுங்க, நேரமாகுது என்றார்கள். மாற்றினார்கள்.

தட்டு மாறியதும் செல்வராசுவைக் காணவில்லை, தேடிப்போனேன். பின்பக்கம் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு மச்சான் இது?" என்றார்.

"ஒங்க பேரு கெட்டுப்போயில்ல கெடந்துச்சு."

"எம்பேரு எங்க போயிரும்?" துண்டால் முகத்தைத் துடைத்தார். "நான் இங்கனதான கெடக்கேன். தெனமும் நாலு பேரு பாக்குறாங்க. இன்னைக்கு இல்லன்னாலும் கொஞ்சங் கொஞ்சமாச் சரியாகிரும்னு இருந்தேன். நீங்க ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வந்துட்டுப் போற ஆளு. ஒங்க பேரு கெட்டா எப்ப வந்து சரி பண்ணுவீங்க? அதான் அன்னைக்கு அப்படிச் சொன்னேன்." பிறகு, "ராணிக்கும் பெருமையாச் சொல்லிக்க அண்ணன்னு ஒரு ஆளு வேணும்ல" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். வாங்க, பந்தி போட்டாச்சு என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தோம்.

பெண்ணின் அம்மா என்ற முறையில் ராணி தானே பாயச வாளியை வாங்கிக்கொண்டு வரிசையில் வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. செல்வராசுவின் இலைக்கு முன்னால் நின்றாள். ஊற்றினாள். போதும் என்று அவர் கையைக் காட்டினார். கையை விலக்கச் சொல்லி இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

"காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலங்க நீங்க" என்றாள்.

அடுத்தது என் இலை. நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவள் வாளியைப் பின்னால் வந்த பரிமாறுகிற ஆளிடம் கொடுத்தாள்.

"அந்த வெளிநாட்டுக்காரருக்கு ஊத்துங்க" என்று சொல்லிவிட்டு, கணவர் இலையில் அப்பளம் இல்லை என்று எடுக்கப் போனாள்.